குற்றவாளி கீபோர்டு அல்ல!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கினார். முதல் மாதம் படம் பார்ப்பதிலும் பாட்டுக் கேட்பதிலும் போனது. செல்போனில் இருந்த பேத்தியின் படங்களை எல்லாம் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, இடம் வேண்டும் என்பதற்காக செல்போனில் அவற்றை அழித்தும் விட்டார்.

இரண்டாம் மாதம் மின்னஞ்சல் முகவரியை டைப் செய்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. @ குறியை அழுத்தினால் " குறி வந்தது. பேங்க் கணக்கின் பாஸ்வேர்டிலும் அதே @ உண்டு. பாஸ்வேர்டு கட்டத்தில் நாம் அடிப்பது வெறும் புள்ளிகளாகத்தானே தெரியும்? தப்பு எங்கே என்று தெரியாமல் அவர் மீண்டும் மீண்டும் அடிக்க, பேங்க் கணக்கு லாக் ஆகிவிட்டது. புதிய பாஸ்வேர்டுக்காகக் கிளைக்கு நேரில் அலைந்தார்.

அடுத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். "விண்டோஸ் கெட்டுப் போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்றார்கள். செய்தார்கள். @ வரவில்லை. "அப்போ கீபோர்டு போச்சு" என்றார்கள். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு புதிய கீபோர்டு மாட்டினார்கள். அப்போதும் @ வரவில்லை. "மதர்போர்டு பிரச்சினையா இருக்கலாம்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தார்.

நான் செட்டிங்ஸில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கீபோர்டு லேஅவுட் என்ற இடத்தில் 'யுனைடெட் கிங்டம்' என்று இருந்தது. அதாவது பிரிட்டன் கீபோர்டு. 'யு.எஸ்.' என்று இன்னொன்றைச் சேர்த்துவிட்டு, பிரிட்டனை நீக்கினேன். மொத்தம் நான்கு நிமிடம். @ வந்துவிட்டது.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "படங்கள் போனது போனதுதானே தம்பி?" என்றார்.

"ஆமாம் சார்" என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் பலரும், கீபோர்டு தப்பான எழுத்தைக் காட்டினால் கீபோர்டு கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டுகிறார்கள். பல கடைக்காரர்களும் அப்படியே. ஆனால் தப்பான எழுத்து வருவதற்கும் கீபோர்டு கெட்டுப் போவதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. இது செட்டிங்ஸ் கோளாறு. இந்தக் கோளாறை மறைத்து வைப்பதில் என்னைப் போன்ற மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்கிறேன்.

கீபோர்டுக்கு எழுத்து தெரியாது

கீபோர்டில் 'ஏ' என்று அச்சிட்டிருக்கும் கீயை அழுத்தினால், கம்ப்யூட்டருக்குள் 'ஏ' என்ற எழுத்து போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஓர் எண்தான் போகிறது. பழைய வட்டப் பின் கீபோர்டுகளில் அந்தக் கீயின் எண் 30. கீயிலிருந்து விரலை எடுத்தால் 158 என்று இன்னொரு எண் போகும். யூஎஸ்பி கீபோர்டுகளின் கணக்கு வேறு. அங்கே அதே கீக்கு எண் 4. எதுவானாலும் கீபோர்டு சொல்வது "இந்த இடத்தில் உள்ள கீயை அழுத்தினார்கள்" என்பது மட்டுமே. அதன் தலையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அந்த எண்ணுக்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸ் அல்லது லினக்ஸ். அதற்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் கீபோர்டு லேஅவுட். வீட்டு எண்ணைச் சொன்னால் குடியிருப்பவர் பெயரைச் சொல்லும் பதிவேடு மாதிரி. தப்பான ஊரின் பதிவேட்டைப் புரட்டினால், வீட்டு எண் சரியாக இருந்தாலும் பெயர் தப்பாகத்தான் வரும்.

அமெரிக்க லேஅவுட்டில் ஷிஃப்ட் அழுத்தி 2 அடித்தால் @ வரும். பிரிட்டன் லேஅவுட்டில் அதே இடத்தில் " வரும். @ குறி என்டர் கீக்குப் பக்கத்தில் உள்ள மேற்கோள் குறி கீயில் போய் உட்கார்ந்திருக்கும். ஷிஃப்ட் அழுத்தி 3 அடித்தால் # குறிக்குப் பதில் £ வரும். இந்தியாவில் விற்கும் கீபோர்டுகளில் பெரும்பாலும் அமெரிக்க முறையில்தான் அச்சிட்டிருக்கும். ஆகவே பதிவேடு பிரிட்டனுடையதாக இருந்தால் குழப்பம்தான்.

பிரிட்டன் பதிவேடு நம்மூர் லேப்டாப்பில் எப்படி வந்தது? விண்டோஸை நிறுவும் ஆங்கிலப் பதிப்பிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'. மற்றது 'இங்கிலிஷ் இன்டர்நேஷனல்'. 'இன்டர்நேஷனல்' என்ற பெயரைப் பார்த்து நமக்கு ஏற்றது அதுதான் என்று தோன்றும். ஆனால் அது தானாக எடுத்துக்கொள்வது பிரிட்டன் ஆங்கிலத்தையும் பிரிட்டன் கீபோர்டையும். நிறுவும்போது கேட்கும் கேள்வியைப் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால் அதுவே நிலைத்துவிடும். சாரின் லேப்டாப்பில் நடந்தது இதுதான். ஃபார்மட் செய்தவர் அதே பதிப்பை மறுபடியும் போட்டு, அதே 'நெக்ஸ்ட்'டை மறுபடியும் அழுத்தியிருக்கிறார். படங்கள் போயின, பிரச்சினை போகவில்லை.

அறிகுறியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

டாக்டர் முதலில் கேட்பது "எங்கே வலிக்கிறது?" என்றுதான். கீபோர்டிடமும் அப்படிக் கேட்க வேண்டும். நோட்பேடைத் திறந்து எல்லாக் கீகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள்.

* @, " இரண்டும் இடம் மாறி, # வர வேண்டிய இடத்தில் £ வருகிறதா? பிரிட்டன் லேஅவுட்.

* ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கின்றனவா? ஜெர்மன் லேஅவுட். கியூவும் ஏயும் இடம் மாறி, டபிள்யூவும் இசட்டும் இடம் மாறியிருந்தால் பிரெஞ்சு. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லேப்டாப்புகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

* யூ, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6. ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 வருகிறதா? இது லேஅவுட் அல்ல, நம் லாக். தனி எண் பகுதி இல்லாத சில லேப்டாப்புகளில் எழுத்துக் கீகளுக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்திருப்பார்கள். நம் லாக் கீயை, தேவைப்பட்டால் எஃப்என் கீயோடு சேர்த்து, ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும்.

* கீயை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் எழுத்து வருகிறதா? விண்டோஸில் வலது பக்க ஷிஃப்ட்டை 8 விநாடி விடாமல் அழுத்தினால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதி வந்து கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்தது அது. யோசித்துக்கொண்டே ஷிஃப்ட் மேல் விரலை வைத்திருந்தவர், வந்த கேள்விக்கு 'யெஸ்' சொல்லியிருப்பார். 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் கீபோர்டைத் திறந்து நிறுத்தலாம். ஷிஃப்ட்டை 5 முறை தொடர்ந்து தட்டினால் வரும் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியும் இந்த வகைதான்.

* எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வருகின்றனவா? கீபோர்டு வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. அந்த எழுத்தைக் காட்டும் ஃபான்ட் இல்லை.

* குறிப்பிட்ட ஒரு கீ மட்டும் எதுவுமே அடிக்கவில்லை, அல்லது ஒருமுறை தட்டினால் நான்கு முறை விழுகிறது என்றால், அப்போது கீபோர்டைச் சந்தேகப்படலாம். தூசியோ டீயோ உள்ளே போயிருக்கும்.

சுருக்கமாக ஒரு விதி: தப்பான எழுத்து, ஆனால் எப்போதும் அதே தப்பு என்றால் அது செட்டிங்ஸ். எழுத்தே வரவில்லை, அல்லது வந்தும் வராமலும் இருக்கிறது என்றால் அது கீபோர்டு. சந்தேகம் தீராவிட்டால் தெரிந்தவரிடம் ஒரு யூஎஸ்பி கீபோர்டை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே தப்பு வந்தால் கீபோர்டு நிரபராதி. இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை. 1,500 ரூபாய் செலவு செய்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

சரி செய்வது எப்படி?

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் 'செட்டிங்ஸ்' திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' பகுதிக்குப் போங்கள். உங்கள் மொழிக்கு எதிரே மூன்று புள்ளிகள் இருக்கும். அதைக் கிளிக் செய்து 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' திறந்தால், கீழே 'கீபோர்ட்ஸ்' என்ற தலைப்பில் இப்போது உள்ள லேஅவுட் தெரியும். 'ஆட் எ கீபோர்ட்' அழுத்தி 'யு.எஸ்.' சேருங்கள். அதன் பிறகு தப்பான லேஅவுட்டை நீக்குங்கள். முதலில் சேர்ப்பது, பிறகு நீக்குவது. இந்த வரிசை முக்கியம். ஒரே ஒரு லேஅவுட்தான் இருக்கிறது என்றால் அதை நீக்க விண்டோஸ் விடாது.

ரூபாய் குறி வேண்டும் என்றால் மொழிப் பட்டியலில் 'இங்கிலிஷ் (இந்தியா)' சேர்த்து, அதற்குரிய கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலது பக்க ஆல்ட் கீயோடு 4 அடித்தால் ₹ வரும். மற்ற குறிகள் எல்லாம் அமெரிக்க முறைப்படியே இருக்கும்.

லினக்ஸில் உபுண்டு வைத்திருப்பவர்கள் 'செட்டிங்ஸ்' திறந்து 'கீபோர்டு' பகுதியில் 'இன்புட் சோர்சஸ்' பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் எதிரே உள்ள புள்ளிகளைக் கிளிக் செய்தால் அந்த லேஅவுட்டின் படத்தையே பார்க்கலாம். நம் கையில் உள்ள கீபோர்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நல்ல வசதி. கேடிஇ டெஸ்க்டாப் என்றால் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே கீபோர்டு, அதில் 'லேஅவுட்ஸ்'.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு மாற்றும் லேஅவுட் உங்கள் கணக்குக்கு மட்டும்தான். பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரை, பழைய லேஅவுட்டிலேயே இருக்கலாம். "நேற்றுச் சரி செய்தேன், இன்று காலை பாஸ்வேர்டை ஏற்க மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்களின் கதை இதுதான். விண்டோஸில் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' பக்கத்தின் கீழே 'அட்மினிஸ்ட்ரேடிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ்' என்று ஒன்று உண்டு. அதில் 'காப்பி செட்டிங்ஸ்' அழுத்தி, 'வெல்கம் ஸ்கிரீன்' என்பதை டிக் செய்தால் முதல் திரைக்கும் அதே லேஅவுட் வந்துவிடும்.

இணையத்தில் பேங்க் பாஸ்வேர்டு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். இரண்டு முறை தப்பு என்று வந்தால் மூன்றாவது முறை அடிக்காதீர்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, பாஸ்வேர்டில் உள்ள குறிகளை மட்டும் நோட்பேடில் அடித்து, சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதைக் கிளிக் செய்தும் பார்க்கலாம். சார் இதைச் செய்திருந்தால் பேங்க் கிளைக்கு அலைந்திருக்க வேண்டாம்.

என் கோபம் எதன் மேல்?

கடைக்காரரைத் திட்டுவது எளிது. அவர் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து மெஷின் வருகிறது, ஃபார்மட் செய்தால் அவற்றில் பாதிக் கோளாறுகள் தீர்ந்துவிடுகின்றன. ஆனால் டேட்டாவைக் காப்பி எடுக்காமல் ஃபார்மட் செய்வதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "உள்ளே முக்கியமா ஏதாவது இருக்கா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என் பெரிய கோபம் மென்பொருளின் மேல்தான். யோசித்துப் பாருங்கள். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் 'இஎன்ஜி' என்று மூன்றெழுத்தில் ஒரு குறி சிலருடைய கம்ப்யூட்டரில் இருக்கும். அதுதான் இப்போது எந்த லேஅவுட் நடப்பில் இருக்கிறது என்று சொல்லும் குறி. சாரின் லேப்டாப்பில் அது இல்லை. காரணம், ஒரே ஒரு லேஅவுட் மட்டும் இருந்தால் விண்டோஸ் அந்தக் குறியைக் காட்டுவதில்லை. உபுண்டுவும் அப்படித்தான்.

இதை முடிவு செய்தவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நினைத்து நிரல் எழுதியவன்தான். "ஒன்றுதான் இருக்கிறது, மாற்ற வேறு இல்லை, பிறகு எதற்கு இடத்தை அடைக்க வேண்டும்?" கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றே தப்பான ஒன்றாக இருந்தால்? எப்போது அந்தக் குறி மிகவும் தேவையோ, அப்போதுதான் அது திரையில் இல்லை. விவரம் தெரிந்தவர் செட்டிங்ஸ் உள்ளே போய்ப் பார்ப்பார். புதிதாக வாங்கியவருக்கு, இப்படி ஒரு சமாசாரம் இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றை அவர் எங்கே போய்த் தேடுவார்?

திரையின் மூலையில் மூன்றெழுத்து எப்போதும் இருந்துவிட்டுப் போகட்டுமே! கீபோர்டைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர், "இந்த மூலையில் 'யுகே' என்று போட்டிருக்கிறதே, இது என்ன?" என்று கேட்கும் வாய்ப்பாவது கிடைக்கும். சுத்தமான திரை அழகுதான். அந்த அழகுக்காக விலை கொடுப்பவர், அதைக் கேட்டவராக இருந்தால் பரவாயில்லை. இங்கே விலை கொடுத்தவர் அதைக் கேட்டவர் இல்லை.

மென்பொருள் மாறும்வரை நாமே செய்துகொள்ளக்கூடிய ஒரு வழி உண்டு. ஒரு லேஅவுட்டோடு நிறுத்தாதீர்கள். வேண்டுமென்றே இரண்டாவது ஒன்றையும் சேருங்கள். அப்போது அந்தக் குறி தானாகவே மூலையில் வந்து உட்காரும். இரண்டாவது எது என்று கேட்கிறீர்களா? தமிழ்தான், வேறென்ன!

தமிழைச் சேர்க்கும்போது

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. தமிழுக்கு ஒரே கீபோர்டு முறை இல்லை. தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்குத் தட்டச்சு முறை கையில் பதிந்திருக்கும். செல்போனில் பழகியவர்களுக்கு, ஆங்கில ஒலிப்பில் அடித்தால் தமிழ் வரும் ஃபோனெடிக் முறை. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தது இன்ஸ்கிரிப்ட் முறை. தமிழ்நாடு அரசு 1999ல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறை நான்காவது.

விண்டோஸ் பட்டியலில் வெறும் 'தமிழ்' என்று மட்டும் இருக்கும் கீபோர்டு, இன்ஸ்கிரிப்ட் முறையைச் சேர்ந்தது. தமிழ்99 பழகியவர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எச் கீயில் 'க' வரும் என்று எதிர்பார்த்தால் 'ப' வரும். உடனே "தமிழ் சரியாக வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார். மறுபடியும் அதே பதிவேட்டுக் குழப்பம்தான். விண்டோஸ் 10ல் 2019 மே மாத அப்டேட்டிலிருந்து தமிழ்99, ஃபோனெடிக் இரண்டும் உள்ளேயே வருகின்றன. பெயரைப் படித்துப் பார்த்துச் சேருங்கள்.

உபுண்டுவில் தமிழுக்கு இரண்டு விதமான லேஅவுட்டுகள் பட்டியலில் இருக்கலாம். ஒரு வகை, ஒரு கீக்கு ஒரு குறி என்று மட்டும் மாற்றிக் கொடுக்கும். இன்னொரு வகை, தமிழின் விதி தெரிந்து, முந்தைய எழுத்தையும் பார்த்துச் சேர்க்கும். அதன் பெயருக்குப் பக்கத்தில் 'எம்17என்' என்று போட்டிருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. பட்டியலில் இல்லை என்றால் 'ஐபஸ் எம்17என்' என்ற தொகுப்பை நிறுவிவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எதைக் கற்கலாம்? தமிழ்99 என்பேன். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நான்கு கீ அடித்தால் 'அம்மா' வந்துவிடும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. 247 எழுத்துகளுக்கும் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, புள்ளி ஆகியவை போதும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுத வேண்டியதில்லை என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதே சமயம், தட்டச்சு முறையில் வேகமாக அடிக்கும் ஒருவரை இதற்கு மாறச் சொல்ல மாட்டேன். கை பழகியதே நல்ல முறை. ஃபோனெடிக்கில் நாலு கடிதம் எழுதிவிட்டவரையும் தொல்லை செய்ய மாட்டேன். எந்த முறை என்று ஒன்றை முடிவு செய்து, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தமிழ், இரண்டு ஆங்கிலம் என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்.

இரண்டு லேஅவுட் வைத்தால் ஒரு புதிய தொல்லையும் வரும். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அமுங்கினால் மொழி மாறிவிடும். வேறு எதற்கோ விரலை வைக்கும்போது தெரியாமல் இது நடக்கும். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று தமிழ் வரும். பயப்பட வேண்டாம். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தினால் திரும்பிவிடலாம். உபுண்டுவிலும் அதே இரண்டு கீகள்தான். கேடிஇயில் விண்டோஸ் கீ, ஆல்ட், கே மூன்றும் சேர்ந்து. விண்டோஸில் ஆல்ட் ஷிஃப்ட் தொல்லையை அடியோடு நிறுத்த, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' உள்ளே 'டைப்பிங்', அதில் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்', அதில் 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' திறந்து, 'நாட் அசைன்ட்' என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் மட்டும் போதும். அவ்வளவு ஆழத்தில் இதை ஏன் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்!

மூன்று வேண்டுகோள்

கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு: கடையை விட்டுக் கிளம்பும் முன் நோட்பேடைத் திறந்து, எண் வரிசையில் உள்ள எல்லாக் கீகளையும் ஷிஃப்ட்டோடு சேர்த்து அடித்துப் பாருங்கள். கீயின் மேல் அச்சிட்டிருப்பதும் திரையில் வருவதும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் என்றால் இதை விடவே கூடாது.

கடைக்காரர்களுக்கு: "@ வரவில்லை" என்று ஒருவர் வந்தால், ஃபார்மட் சிடியையோ பென்டிரைவையோ தேடும் முன் லேஅவுட் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த நான்கு நிமிடத்துக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டாலும் வாடிக்கையாளர் வாழ்த்தத்தான் செய்வார்.

என்னைப் போல் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு: எதையாவது மறைக்கும் முன், அது தப்பாக இருந்தால் பயனாளருக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சாரின் லேப்டாப்பில் இப்போது ஆங்கிலமும் தமிழ்99ம் இருக்கின்றன. மூலையில் மூன்றெழுத்தும் இருக்கிறது. பள்ளியில் இருந்த காலத்து அனுபவங்களை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் எழுதுகிறார். வாரம் ஒருமுறை பென்டிரைவில் காப்பி எடுக்கிறார். சென்ற வாரம் வழியில் பார்த்தபோது, "தம்பி, நேத்து திடீர்னு எழுத்தெல்லாம் தப்புத் தப்பா வந்துச்சு. கடைக்குப் போகல. மூலையைப் பார்த்தேன், நானே மாத்திட்டேன்" என்றார்.

உங்கள் கீபோர்டும் ஒரு நாள் தப்பாக எழுதும். அப்போது முதலில் மூலையைப் பாருங்கள். கடைக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.